நீங்க வளர்த்துப் பார்த்தீங்களா?

நேரலையில் ஒரு நேயர் இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்களோ, எனக்குத் தெரியாது. நான் பாட்டுப் போட்டேன்.

நடந்தது இதுதான். வானொலியில் எனக்குக் காலை நிகழ்ச்சி. வாரத்தில் ஒரு நாள் சமையல், வீடு, செடிகொடி என்று இருபது நிமிடம் பேச வேண்டும். அது சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம். பேரங்காடி முழுக்க லீக்ஸ் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். பார்த்திருப்பீர்கள், வெங்காயத்தாளுக்குப் பெரிய அக்கா மாதிரி தடியாக, அடியில் வெள்ளையாக, மேலே கரும்பச்சையில் விசிறி போல இருக்குமே, அதுதான். அதன் சீனப் பெயரில் ‘எண்ணுவது’ என்ற சொல்லின் ஒலி இருப்பதால் புத்தாண்டுக்கு அதைச் சமைத்தால் எண்ணுவதற்குப் பணம் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதையே பேசலாம் என்று தோன்றியது. வீட்டில் மலிவு விற்பனையில் வாங்கிப் போட்ட ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் அச்சானது. சின்ன இடத்தில் தொட்டிகளிலேயே கேரட், பீட்ரூட், லீக்ஸ் எல்லாம் வளர்ப்பது எப்படி என்று அழகழகான படங்களோடு ஓர் அத்தியாயம். இரவு பதினொரு மணிக்குப் படித்தேன். காலை ஏழே காலுக்கு, பத்து வருடம் விவசாயம் பார்த்தவள் மாதிரி பேசினேன். பனி என்று வந்த இடத்தில் எல்லாம் மழை என்று மாற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

நான் ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள். தகவலைச் சரிபார்ப்பது எப்படி என்று ஒரு பருவம் முழுக்கப் படித்து, நல்ல மதிப்பெண்ணும் எடுத்திருக்கிறேன்.

மே மாதம் கூலாயிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், குரலில் தெரிந்தது. “தங்கச்சி, நீங்க சொன்னீங்கன்னு தொட்டி, மண்ணு, விதை எல்லாம் வாங்கினேன். எம்பது வெள்ளி ஆச்சு. மூணு மாசமா பேரனும் நானும் தண்ணி ஊத்துறோம். புல்லு மாதிரிதான் நிக்குது. தினம் அவன் ஸ்கேல வச்சு அளக்குறான். எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நீங்க வளர்த்துப் பார்த்தீங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்பது மாதிரிதான் கேட்டார். நான், “பொறுமையா இருங்கம்மா, தொடர்ந்து முயற்சி பண்ணுங்க, நல்லா வரும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பாட்டைத் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அப்பாவின் பேச்சு மூன்று வாக்கியமாகச் சுருங்கியிருந்தது. “பசியாறிட்டியா?” “கேட்டைப் பூட்டிடு.” “தம்பி சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ணானா?” அன்றைக்கு நான்காவதாக ஒன்று சொன்னார். “அந்த அம்மாவுக்கு நீ பதிலே சொல்லலையே.”

அவர் என் நிகழ்ச்சியைக் கேட்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“லீக்ஸ் இங்க வராதாப்பா?” என்றேன்.

“அது மலைச் சரக்கும்மா. இந்தச் சூட்டுல எப்படி வரும்?”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேக்கலையே.”

அப்பாவுக்கு ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டம். பிறந்ததும் அங்கேதான். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றது, பால்மரம் வெட்டியது, பிறகு மரத்தைத் தள்ளிச் செம்பனை போட்டதும் குலை வெட்டியது எல்லாம் அங்கேதான். லயத்து வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேம்பு, மஞ்சள், கீரை. சம்பளம் பத்தாத மாதங்களில் அந்த நிலம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று அம்மா சொல்வார். தொண்ணூறுகளில் ஜொகூரில் பல தோட்டங்கள் கைமாறித் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆனபோது எங்கள் தோட்டமும் போனது. ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு மலிவுவிலைத் தரைவீட்டுக்கு வந்தோம். வரும்போது அப்பா மோட்டாரின் பின்னால் ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியைக் கட்டிக்கொண்டு வந்தாராம். புது வீட்டில் வாசல் முழுக்க சிமெண்ட். பின்கட்டும் சிமெண்ட். குச்சிகள் சுவரோரம் சாய்ந்தபடியே காய்ந்துபோயின. “உங்கப்பா விறகு சுமந்துகிட்டு டவுனுக்கு வந்தாரு” என்று அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் அது ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது, போன வருடம் வரை.

அந்தக் குச்சி எதற்கு என்று கேட்டேன். அப்பாயி சொன்னதாம். 1942 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குள் பின்வாங்கியது. போகும்போது பாலத்தையும் வெடிவைத்துத் தகர்த்தது. அதற்குப் பிறகு மூன்றரை வருடம் ஜப்பான்காரன் காலம். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கிப்போனது. தோட்டத்துச் சனங்கள் மரவள்ளியைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாயி அப்போது சின்னப் பெண். பிற்காலத்தில் அவர் வாயில் மரவள்ளி வைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் எந்த வீட்டில் இருந்தாலும் ஒரு குச்சியாவது மண்ணில் நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாராம். தின்பதற்கு அல்ல. நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை வன்பொருள் கடைக்குப் போய் 20 லிட்டர் சாயவாளிகள் ஆறு வாங்கி வந்தோம், பழையவை. அப்பா திருப்புளியை அடுப்பில் காய்ச்சி அடியில் எட்டு ஓட்டை, பக்கவாட்டில் கீழே நாலு ஓட்டை போட்டார். மண் கலவையில் புத்தகத்தை விட்டுவிட்டோம். இங்குள்ள நாற்றுப்பண்ணைகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்குதான்: மண் மூன்று பங்கு, மக்கிய சாணம் அல்லது குப்பை எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. கிழங்குக்கு மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். கல்லும் கட்டியும் இருந்தால் வேர் அதில் முட்டி இரண்டாகப் பிரியும். அப்பா மண் முழுவதையும் சல்லடையில் சலித்தார். எழுபதைத் தாண்டியவர் வாசலில் குந்தி உட்கார்ந்து மண் சலிப்பதைப் பார்த்து எதிர்வீட்டுச் சீன ஆண்டி வெளியே வந்தார்.

அந்த ஆண்டிதான் லீக்ஸ் பிரச்சினையை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவைத்தார். என் தொட்டியில் சோதனைக்கு விதைத்திருந்த நாற்றுகளைப் பார்த்துச் சிரித்தார். பென்சில் முனை அளவு கூட இல்லை. தன் வீட்டுக்குப் போய் ஒரு கொத்து குச்சாயை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்து கொடுத்தார். தட்டையான இலை, பூண்டு வாசம். முட்டையோடு பொரிக்கலாம், மீயில் போடலாம். தரையோடு அறுத்தால் மூன்று வாரத்தில் மறுபடி வந்து நிற்கிறது. வெயிலையும் தாங்குகிறது, மழையையும் தாங்குகிறது. லீக்ஸ் குடும்பம்தான். ஆனால் நம் ஊர்ச் சூட்டுக்குப் பழகியது.

லீக்ஸ் ஏன் வரவில்லை என்பதையும் பிறகு உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். அதற்கு 13 முதல் 24 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும். அதுவும் நான்கைந்து மாதம் தொடர்ந்து. ஜொகூர் பாருவில் பகலில் 32 டிகிரி, ராத்திரிகூடப் பெரிதாகக் குளிர்வதில்லை. கேமரன் மலையில் தானா ராத்தா 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் சந்தைக்கு உள்ளூர்க் காய்கறி அங்கிருந்து வருவது சும்மா இல்லை. இலங்கையில் நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே தேயிலைத் தோட்டங்களைச் சுற்றியுள்ள பாத்திகளில் லீக்ஸும் கேரட்டும் பீட்ரூட்டும் வரிசையாக நிற்கும். மலையகத் தமிழர்கள் பலருக்கு அது பிழைப்பு. அந்த ஊர் வீடுகளில் லீக்ஸ் கறி நமக்குக் கங்குங் மாதிரி, தினப்படிச் சமையல். எனக்கு அது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. நம் ஆட்களுக்கு லீக்ஸ் அந்நியம் இல்லை. ஜொகூருக்குத்தான் அந்நியம்.

வளர்க்கும் விதம் தெரிந்தவர்கள் லீக்ஸின் வெள்ளைத் தண்டு தானாக வருவதில்லை என்பார்கள். ஒரு சாண் ஆழத்துக்குக் குச்சியால் குழி குத்தி, நாற்றை உள்ளே இறக்கி, மண் மூடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றி விடுவார்கள். வளர வளர மண் அணைப்பார்கள். வெளிச்சம் படாத பகுதிதான் வெள்ளையாகிறது. இதை நான் வானொலியில் மிகச் சரியாகச் சொல்லியிருந்தேன். மற்ற எல்லாம் சரி, ஊர்தான் தப்பு.

வாளிகளுக்கு வருகிறேன். முதலில் வெள்ளை முள்ளங்கி. நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் பிடுங்கலாம், தொடங்குகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. வாளிக்கு நாலு இடத்தில் விதைத்து, முளைத்ததும் இடத்துக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளியதும் கீரைதான், பொரியலுக்கு ஆகும். என்னால் கிள்ள முடியவில்லை. பாவமாக இருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் கிள்ள வேண்டியவற்றை வேரோடு எடுத்து இன்னொரு வாளியில் நட்டேன். முள்ளங்கியைப் பெயர்த்து நட்டால் ஆணிவேர் முறிந்து கோணிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. ஐம்பதாவது நாள் பிடுங்கினால் அப்பாவின் வாளியில் நேராக, ஒரு முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. என் வாளியில் வந்த ஒன்றுக்கு இரண்டு கால், ஒரு கை. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உன் தம்பி சோபாவுல உக்காந்துருக்கிற மாதிரியே இருக்கு” என்று சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும் வரை நிறுத்தவில்லை. நான் உள்ளே போய்க் கோப்பி கலக்கினேன். கலக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் கலக்கினேன்.

சர்க்கரைவள்ளியை விதையாகத் தேட வேண்டாம். ஒரு முழம் கொடி போதும், நாலு கணு மண்ணுக்குள் போக வேண்டும். பாசார் மாலாமில் வாங்கிய கிழங்கைத் தண்ணீரில் பாதி மூழ்க வைத்தாலே கொடி விடும். மார்டி ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘விட்டாட்டோ’ என்ற ஆரஞ்சு நிறக் கிழங்கு கிடைத்தால் அதையே போடுங்கள். பிள்ளைகளுக்கு நிறம் பிடிக்கும், கேரட்டில் உள்ள சத்து அதிலும் இருக்கிறது. நான்கு மாதம் ஆகும். உரத்தை அள்ளிப் போடக் கூடாது, போட்டால் இலை மட்டும் காடாக வளரும், கீழே நூல் மாதிரி வேர்தான் இருக்கும். இலையும் வீண் இல்லை. பெலாச்சான் போட்டுப் பிரட்டினால் ஒரு தட்டு சோறு அதிகமாக இறங்கும். கேரட்டும் போட்டுப் பார்த்தோம். விரல் அளவில் வெளிறிப்போய் வந்தது. பிடிவாதக்காரர்கள் போடலாம்.

மரவள்ளியை மட்டும் அப்பா எனக்குக் கொடுக்கவில்லை. 25 கிலோ உரச்சாக்கு இரண்டில் மண் நிரப்பி, ஒரு சாண் குச்சியைச் சாய்த்து அவரே ஊன்றினார். குச்சி எங்கே கிடைத்தது என்றால், மோட்டாரை எடுத்துக்கொண்டு பழைய தோட்டத்துப் பக்கம் போயிருக்கிறார். இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி. சாலையோரம் யாரோ ஒரு மலாய்க்காரர் போட்டிருந்த மரவள்ளியில் கேட்டு வாங்கியிருக்கிறார். அம்மா போன பிறகு அவர் தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. எனக்குச் சொல்லாமல் போனதற்குத் திட்டினேன்.

செப்டம்பரில்தான் அது நடந்தது. சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வீடு வீடாகக் கொசுப் புழு தேடி வந்தார்கள். எங்கள் வாளிகளுக்கு அடியில் தட்டு வைத்திருந்தோம், சிமெண்ட் கறையாகக் கூடாது என்று. தட்டு வை, தண்ணீர் தேங்கினால் வேர் உறிஞ்சிக்கொள்ளும் என்பது புத்தகத்தில் இருந்த யோசனை. அவர் டார்ச் அடித்துக் காட்டினார். மூன்று தட்டுகளில் புழு நெளிந்தது. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தில் 500 வெள்ளி வரைக்கும் அபராதம் எழுதலாம். எழுதினார்கள். கட்டினேன். அது பெரிய விஷயமில்லை. நான்கு நாள் முன்பு பக்கத்து வீட்டு மாக்சிக்கின் ஒன்பது வயதுப் பேரன் டெங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் சேர்ந்திருந்தான்.

எங்கள் தட்டிலிருந்து போன கொசுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. தெருமுனைச் சாக்கடையாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒரு வாரம் நான் காலையில் ஸ்டூடியோவில் சிரித்துப் பேசிவிட்டு வந்து வாசலில் நின்று அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, “வா, போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்” என்றார். போனோம். எங்கள் தட்டில் புழு இருந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அப்பா மலாயில் சொன்னார். தோட்டத்து மலாய்தான், ஆனால் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அவர் எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பையன் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டோம். வாளிகள் இப்போது செங்கல்மேல் நிற்கின்றன. ஏடிஸ் முட்டை தண்ணீர் வற்றினாலும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சும்மா கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் அதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். தொட்டியில் ஏதாவது வளர்க்க நினைப்பவர்கள் விதை வாங்குமுன் இந்தப் பத்தியைத்தான் படிக்க வேண்டும்.

தட்டு வைக்கச் சொல்லி நான் பிப்ரவரியில் வானொலியிலும் பேசியிருந்தேன் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரம் அதே அங்கத்தில், எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினேன். லீக்ஸைப் பற்றி நான் சொன்னது நம் ஊருக்குப் பொருந்தாது, நான் வளர்த்துப் பார்க்காமல் சொன்னேன், தட்டு வைத்தவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றேன். கூலாயிலிருந்து அழைத்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் பேரனிடம் தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு போட மறந்துவிட்டேன். ஐந்து விநாடி காற்றில் ஒன்றுமே போகவில்லை. வானொலியில் ஐந்து விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று எங்கள் ஆட்களைக் கேட்டால் தெரியும்.

நிறையப் பேர் அழைத்தார்கள். மூவாரிலிருந்து ஒருவர் தானும் லீக்ஸ் போட்டு ஏமாந்ததாகச் சொன்னார். மாசாயில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு தம்பதி பால்கனியில் மஞ்சள் போட்டிருக்கிறார்களாம், பொங்கல் பானையில் கட்டச் சொந்த மஞ்சள் கொத்து வேண்டும் என்று. அது நல்ல யோசனை. ஏப்ரல், மே மாதத்தில் ஒரு சாக்கில் ஊன்றினால் தைக்கு ஆகிவிடும். குளுவாங் பெரியவர் ஒருவர், மரவள்ளியில் கசப்பு இனம் உண்டு, தோலைச் சுத்தமாக உரித்து, மூடி போடாமல் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதை ரேடியோவில் சொல்லு என்று கண்டிப்பாகச் சொன்னார். சொன்னேன். இங்கேயும் சொல்லிவிட்டேன்.

கூலாய் அம்மா அழைக்கவில்லை. இன்று வரை இல்லை.

அந்த நிகழ்ச்சி முடிந்த மாலை அப்பா ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியை ஈரச் சாக்கில் சுற்றி வாசலில் நிழலாக வைத்தார். அந்த அம்மா கூப்பிட்டால் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், கூலாய் என்ன தூரமா என்றார். இரண்டு வாரத்தில் குச்சிகள் கட்டுக்குள்ளேயே துளிர்விட்டன. அவற்றைப் பாலிபேக்கில் ஊன்றிவிட்டு வேறு குச்சி வெட்டி வைத்தார். அதுவும் துளிர்த்தது. இப்போது வாசலில் பதினொரு பை நிற்கிறது. கார் நிறுத்த இடமில்லை.